காற்று எப்படி என்று கேட்டாயே

செந்தூல், கோலாலம்பூர்

அன்புள்ள மங்கை,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு இங்கே மாற்றல், வாடகை வீடு தேடுகிறார்கள் என்று படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. இனி உன்னைப் பார்க்க தீபாவளிவரை காத்திருக்க வேண்டாம். இவர் ஓய்வு பெற்றுவிட்டார். பகலெல்லாம் வீட்டிலேயே இருந்து எனக்குச் சமையல் சொல்லித் தருகிறார், கேட்காதே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பேரனுக்கு வீசிங் இருக்கிறது, செந்தூல் பக்கம் காற்று எப்படி என்று கேட்டிருந்தாய். பிள்ளை வைத்திருக்கிற நாலு பேரை விசாரித்தேன். நாலு பேரும் ஒரே மாதிரி, "இங்கே பரவாயில்லை, கிள்ளான் பக்கம்தான் மோசம்" என்றார்கள். கிள்ளானில் இருக்கும் என் நாத்தனாருக்குப் போன் போட்டால், "எங்க தாமான்ல நல்லாத்தான் இருக்கு அண்ணி, கேஎல்லதான் மூச்சு விட முடியாது" என்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. 35 வருஷக் கடனில் வீடு வாங்கிக் குடியேறியவர்கள், என் பிள்ளையைக் கெட்ட காற்றில் வளர்க்கிறேன் என்று எப்படிச் சொல்வார்கள்? நீ வாடகைக்குத் தேடுகிறவள், அதனால் கேள்வி கேட்க முடிகிறது.

எங்கள் பிளாக்கில் மேல்மாடியில் ஒரு பெண், இரண்டு பிள்ளைகள். காலையில் எழுந்ததும் பால்கனியில் நின்று இரட்டைக் கோபுரம் தெரிகிறதா என்று பார்ப்பாள். தெரிந்தால் பிள்ளைகள் கீழே விளையாடலாம். தெரியாவிட்டால் ஜன்னலைச் சாத்தி ஏர்கோன். நீங்கள் அங்கே பினாங்கில் கொடிமலையைப் பார்த்துச் சொல்வீர்களே, அதேதான். புகைமூட்டக் காலத்தில் இந்தக் கணக்கு பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் சுமத்ராவின் சதுப்பு நிலங்கள் பற்றிக்கொண்டால் புகை நேரே இந்தப் பக்கம்தான். 2005 ஆகஸ்டில் கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும் அவசர நிலை அறிவித்தார்களே, அப்போது ஐபியு என்கிற காற்று மாசுக் குறியீடு 500ஐத் தாண்டியது. அந்த நாள்களில் காற்று கெட்டிருக்கிறது என்று யாரும் யாருக்கும் சொல்லத் தேவைப்படவில்லை. 2022 ஜனவரியில் உங்கள் பக்கம் ஜெலுத்தோங் குப்பைமேடு எரிந்ததும் அப்படித்தான். கண் எரிந்தால், நாற்றம் அடித்தால் நம் ஆட்களுக்கு உடனே நம்பிக்கை வந்துவிடும்.

மற்ற நாள்களில்தான் ஏமாற்றம். முந்தின இரவு மழை பெய்திருக்கும், வானம் பளிச்சென்று இருக்கும், கோபுரமும் தெரியும். ஜாலான் ஈப்போவில் ஏழு மணிக்கு பஸ்ஸும் லோரியும் ஊர்ந்துகொண்டிருக்கும். அந்தப் புகை எந்தப் பெற்றோர் கணக்கிலும் வராது. போன வாரம் பேத்தியை அழைத்து வரப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். வாசலில் காரெல்லாம் வரிசையாக, ஏர்கோனுக்காக எஞ்சினை ஓடவிட்டு நிற்கின்றன. முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் அந்த இடுக்கில் நுழைந்து நுழைந்து வருகிறார்கள். புகைக்குழாய்க்கும் அவர்கள் மூக்குக்கும் எவ்வளவு தூரம் இருக்கும், நீயே யோசி. ஒரு அம்மா கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, "ஆண்டி, இன்னிக்கு ஐபியு எவ்வளவுன்னு பார்த்தீங்களா?" என்று என்னைக் கேட்டாள். அவள் கார் அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அந்த ஐபியு பொய் இல்லை. ஆனால் அது அளப்பது ஒன்று, நாம் தேடுவது இன்னொன்று. கோலாலம்பூருக்குள் பத்து மூடாவில் ஒரு நிலையம், செராசில் ஒரு நிலையம். நுண்துகளை 24 மணி நேரச் சராசரியாகக் கணக்கிடுகிறார்கள். பள்ளி வாசலில் அரை மணி நேரம் பிள்ளை என்ன சுவாசித்தது என்று அதில் எங்கே தெரியும்? பிஎம் 2.5 என்கிற மிகச் சிறிய துகளையே 2018இல்தான் கணக்கில் சேர்த்தார்கள். அப்புறம் நம் பெற்றோர்களுக்கு 100 என்பது ஒரு சுவர். 100ஐத் தாண்டினால் பள்ளியில் வெளி விளையாட்டு நின்றுவிடும். அதனால் 98 என்றால் ஓடலாம், 101 என்றால் உட்கார வேண்டும் என்று பிள்ளைகளுக்கே மனப்பாடம். 51 முதல் 100 வரை 'மிதம்', அதற்குப் பச்சை நிறம் வேறு. பச்சையைப் பார்த்து யார் பயப்படுவார்கள்? உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் பிஎம் 2.5 துகளுக்கு ஒரு நாள் அளவு கனமீட்டருக்கு 15 மைக்ரோகிராம் என்று வைத்தது. நம் நாட்டுத் தரம் 35.

நான் பேசியவர்களில் வேறு மாதிரி பதில் சொன்னவள் தரைமாடியில் இருக்கிற ஒருத்தி. மகனுக்கு உன் பேரன் வயது, அவனுக்கும் வீசிங். கோபுரம், போன் எதையும் அவள் பார்ப்பதில்லை. இரவில் அவன் மூச்சைக் கேட்கிறாள். பழைய பள்ளி நோட்டில் தேதி போட்டு, எத்தனை முறை இன்ஹேலர் பஃப் கொடுத்தாள், அன்று சுற்றிலும் என்ன நடந்தது என்று எழுதி வைத்திருக்கிறாள். காட்டச் சொல்லி வாங்கிப் படித்தேன். கொசுவர்த்தி, பக்கத்து வீட்டுச் சாயம், பின்பக்கம் இலை கொளுத்தியவர், வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி. சளி பிடித்த நாள்கள்தான் அதிகம், அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறாள். பிளாக்கில் அவளைப் பயந்தாங்கொள்ளி என்கிறார்கள். எனக்கென்னவோ இங்கே காற்றைப் பற்றி விவரம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான் என்று தோன்றுகிறது. உன் மகள் வந்ததும் அவளிடம் அழைத்துப் போகிறேன்.

வீட்டைப் பொறுத்தவரை, செந்தூல் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். எந்த வீடு என்பதுதான் கேள்வி. பெரிய சாலையைப் பார்த்த யூனிட் வேண்டாம், வாடகை குறைவாக இருந்தாலும். உள்பக்கம் பார்த்த அறையைப் பையனுக்குக் கொடுக்கச் சொல். ஜன்னல் கம்பியில் விரலைத் தேய்த்துப் பார்க்கச் சொல், கறுப்பாக ஒட்டினால் ஏஜெண்டு என்ன சொன்னாலும் கேட்க வேண்டாம். வீடு பார்க்க ஞாயிற்றுக்கிழமை வராதீர்கள். அன்று ஊரே காலியாக இருக்கும், எல்லா வீடும் நல்ல வீடாகத் தெரியும். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வந்து பார்த்துவிட்டு, எங்கள் வீட்டிலேயே பசியாறிக்கொள்ளலாம். நீயும் கூட வா, மருமகன் காரிலேயே இடம் இருக்கும்.

அன்புடன்,
சரசு