இம்மாதப் பயிற்சி: நம் தெருவே களம்

புகைப்படக் குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். இம்மாதப் பயிற்சிக்காக எவரும் வெளியூர் செல்ல வேண்டாம்; அன்றாடம் நடக்கும் தெருவிலேயே, ஒரு பொருளைக் காட்டுவதோடு நில்லாமல் அதைப் பற்றிய உங்கள் எண்ணத்தையும் சொல்லும் படத்தைத் தேடுமாறு கேட்டுக்கொள்கிறோம். செக் நாட்டுப் புகைப்படக் கலைஞர் யோசெஃப் சுதெக், 1940 முதல் 1954 வரை பிராக் நகரிலிருந்த தம் பணியறைச் சன்னலை, அதில் பனி படர்ந்தும் நீர்த்துளி வழிந்தும் மாறிய கோலங்களில் திரும்பத் திரும்பப் படமெடுத்தார். நேற்றுக் காலை என் வீட்டு வாசலில், சைக்கிள் சக்கரம் கோலத்தின் ஒரு வரிசையை மட்டும் இழுத்துச் சென்றிருந்தது. சாய்வெயிலில் அந்த மாவுத்தடம், கோலமிட்டவரையும் கடந்து சென்றவரையும் ஒருசேரக் காட்டியது. ஒரே இடத்திற்கு வெவ்வேறு வேளைகளில் மூன்று முறையாவது செல்லுங்கள். இதையே நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். ஆளுக்கு ஒரு படத்தை, இரு வரிக் குறிப்புடன் ஞாயிற்றுக்கிழமைக்குள் இங்கே பதிவிடுங்கள்.