மர்ம நாவலுக்கும் காதல் நாவலுக்கும் அரைப் பக்கம் தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் ஞாயிறு இதழின் நூல் அறிமுகப் பக்கத்தை நான் ஒரு வாரமும் தவறவிடுவதில்லை. கவிதைத் தொகுதி, சிறுகதைத் தொகுதி, ஆய்வு நூல், நினைவு மலர் என்று எல்லாவற்றுக்கும் அங்கே இடம் இருக்கிறது. மர்ம நாவலுக்கும் காதல் நாவலுக்கும் மட்டும் இல்லை. ஆனால் எங்கள் ஒழுங்கையில் கைமாறுகிற புத்தகங்கள் அவைதான்.

நான் முப்பத்தொரு வருடம் தபாற்கந்தோரில் வேலை செய்து, உப தபாலதிபராக ஓய்வு பெற்றவள். முன் அறையில் இரண்டு அலுமாரி நிறையப் புத்தகம் வைத்திருக்கிறேன். அக்கம்பக்கத்தில் கேட்கிறவர்களுக்கு ஒரு கொப்பியில் பெயர் எழுதிக் கொடுப்பேன். இதை எழுதும்போது வெளியே நிற்கிற புத்தகங்கள் 23. அவற்றில் 19 மர்மமும் காதலும். மீன் வாடியில் கணக்கு எழுதுகிற தம்பி முதல், பேரப்பிள்ளையைப் பள்ளிக்கு விட்டுவிட்டு வருகிற வழியில் எட்டிப் பார்க்கிற ஆசிரியை வரை வாசிக்கிறார்கள். வாசித்துவிட்டு வாசலில் நின்று சண்டை பிடிக்கிறார்கள், முடிவு சரியா பிழையா என்று. அந்தச் சண்டைக்குப் பத்திரிகையில் இடம் வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அண்மையில் வாசித்த ஒரு மர்ம நாவலைச் சொல்கிறேன். கதை இலங்கையில் நடக்கிறது. கொலை செய்யப்பட்டவர் கடைசியாக எழுதிய கடிதம் துப்பறிகிறவரின் கையில் கிடைக்கிறது. உறையில் குத்தியிருக்கிற திகதியை நாவலாசிரியர் முழுதாகக் கொடுத்திருந்தார். பழக்க தோஷத்தில் எழும்பிப் போய்க் கலண்டரைப் பார்த்தேன். அது ஒரு போயா நாள்! போயாவுக்குத் தபாற்கந்தோர் பூட்டு. தினமும் காலையில் கதவைத் திறந்ததும் எங்கள் முதல் வேலை, முத்திரையில் இருக்கிற திகதி அச்சைக் கழற்றி, அன்றைய அச்சைப் போட்டு, கொப்பியில் ஒரு தடவை குத்திப் பார்ப்பது. எழுத்து தெளிவாக விழுந்தால்தான் தபாலில் குத்துவோம். பூட்டியிருக்கிற நாளின் திகதி ஒரு உறையில் விழுந்திருக்கிறது என்றால் யாரோ உள்ளே இருந்தவர் விளையாடியிருக்க வேண்டும், அல்லது முத்திரையே பொய்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. எவ்வளவு அழகான தடயம் என்று நினைத்தேன். அதோடு, கொலை நடந்த இரவும் அதே நாள். சாட்சி சொல்கிற கிழவர், "கும்மிருட்டு, முகம் தெரியவில்லை" என்கிறார். போயா என்றால் பௌர்ணமி. முழு நிலவில் எங்கிருந்து கும்மிருட்டு? சரி, கிழவரும் பொய் சொல்கிறார், இரண்டும் ஒரு முடிச்சில் வந்து சேரப்போகிறது என்று இரவு ஒரு மணிவரை கண் விழித்து வாசித்தேன். கடைசிப் பக்கம் வரைக்கும் ஒன்றும் வரவில்லை. நாவலாசிரியர் கலண்டரே பார்க்கவில்லை. ஏதோ ஒரு திகதி, ஏதோ ஓர் இருட்டு. அவர் கையிலேயே அருமையான கதை ஒன்று இருந்தது, அது அவருக்குத் தெரியவில்லை. அந்த ஏமாற்றம் இன்னும் எனக்கு ஆறவில்லை.

அந்த நாவலின் முடிவில் கொலையாளிக்கு ஒரு இரட்டைச் சகோதரன் முளைக்கிறான். முந்நூறு பக்கத்தில் ஓர் இடத்தில்கூட அவனைப் பற்றிய பேச்சு கிடையாது. இங்கிலாந்தில் ரொனால்ட் நொக்ஸ் என்ற பாதிரியார் 1929இல் துப்பறியும் கதைக்குப் பத்து விதி எழுதி வைத்தார். குற்றவாளி கதையின் முற்பகுதியிலேயே தலைகாட்டியிருக்க வேண்டும், கிடைத்த தடயத்தை வாசகருக்கு மறைக்கக் கூடாது, முன்னரே ஆயத்தப்படுத்தாமல் இரட்டையரைக் கொண்டுவரக் கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. விதிகளை மீறி எழுதப்பட்ட நல்ல கதைகளும் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் மீறுகிறவருக்கு எதை மீறுகிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

நல்லதும் வருகிறது, அதையும் சொல்லியாக வேண்டும். இந்த வருடம் வாசித்த இன்னொரு நாவலில் துப்பறிகிறவர் ஒரு தையல்காரப் பெண். ஊரில் சீட்டுப் பிடித்த அம்மா ஒருவர் இறந்துபோகிறார். எல்லோரும் நகையைத் தேடுகிறார்கள், இந்தப் பெண் சீட்டுக் கொப்பியைத் தேடுகிறாள். யார் எந்த மாதம் சீட்டை எடுத்தார், எடுத்த பிறகு யார் கட்டாமல் விட்டார், யாருடைய பெயருக்கு நேரே பேனையின் நிறம் மாறியிருக்கிறது என்று வரி வரியாகப் பார்க்கிறாள். அந்தப் பக்கம் முழுதும் நாவலில் அச்சாகியிருக்கிறது. அவள் பார்த்ததை நானும் பார்த்தேன். அவள் கண்டுபிடித்தாள், நான் கோட்டை விட்டேன். தோற்றுப்போனதில் எவ்வளவு சந்தோஷம்! புத்தகத்தை மூடிவிட்டு மறுபடி அந்தப் பக்கத்துக்குப் போனேன். நீல மைக்கு நடுவே கறுப்பு மை, என் கண்ணுக்கு முன்னாலேயேதான் இருந்தது.

காதல் நாவல்களைப் பற்றி எனக்கு அதைவிடக் கவலை. என் பெறாமகள் தினமும் கிண்ணியாவுக்கு வேலைக்குப் போகிறவள். பஸ்ஸில் ஏறியதும் போனில் தொடர்கதை வாசிப்பாள், ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம். அவளிடம் கேட்டு நானும் ஒரு பத்துக் கதை வாசித்தேன். அவற்றில் ஆறில் கதாநாயகன் பெண்ணைக் கட்டாயப்படுத்தித் தாலி கட்டுகிறான். அல்லது அவளுடைய அப்பாவின் கடனைக் காட்டி மிரட்டுகிறான், அறையில் பூட்டி வைக்கிறான், கன்னத்தில் அறைகிறான். இருபதாவது அத்தியாயத்தில் அவனுக்கு ஒரு சோகமான சின்ன வயது இருந்தது என்று தெரியவந்ததும் அவள் உருகிப்போகிறாள். அவ்வளவுதான், எல்லாம் காதலாகிவிடுகிறது. அவன் ஒரு தடவைகூட மன்னிப்புக் கேட்பதில்லை.

எழுதுகிறவர்களில் அநேகம் பேர் பெண்கள், அதுவும் வீட்டு வேலையெல்லாம் முடித்துவிட்டு இரவில் போனிலேயே தட்டச்சுச் செய்கிறவர்கள். அவர்களுடைய உழைப்பை நான் மதிக்கிறேன். அதனால்தான் மனம் நோகிறது. என் கவுண்டருக்கு முன்னால் தினமும் பத்தரை மணிக்கு ஒரு பிள்ளை வந்து நிற்பாள். சண்டை நடந்த காலம், போன் வசதி இல்லை. ஒன்றும் கேட்க மாட்டாள், என் முகத்தைத்தான் பார்ப்பாள். நான் இல்லை என்று தலையாட்டினால் ஒரு முத்திரை வாங்கிக்கொண்டு போய்விடுவாள். வந்ததற்கு ஒரு காரணம் வேண்டுமே! சவூதியில் இருந்து கடிதம் வந்த அன்று முத்திரை வாங்க மறந்துபோய் ஓடினாள். பூட்டி வைக்கிற பணக்காரனைவிட அந்தப் பிள்ளையிடம் நூறு மடங்கு காதல் கதை இருக்கிறது.

அப்படி எழுதவும் ஆட்கள் இருக்கிறார்கள். பெறாமகள் காட்டிய பத்தில் ஒன்று, நாற்பது தாண்டிய இரண்டு பேரைப் பற்றியது. அவள் விதவை, அவன் வங்கியில் வேலை. ஒரு நாள் அவள் பேச்சை எல்லோருக்கும் முன்னால் வெட்டிவிடுகிறான். அடுத்த அத்தியாயத்தில் மன்னிப்புக் கேட்கிறான். அதற்கும் அடுத்த அத்தியாயத்தில் அதே போல ஒரு கூட்டம். இந்த முறை அவள் பேசி முடிக்கும்வரை வாயைத் திறக்காமல் இருக்கிறான். அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதற்கு யாராவது ஒருவர் பத்திரிகையில் நாலு வரி நல்லதாக எழுதியிருந்தால் அந்த எழுத்தாளருக்கு எவ்வளவு தெம்பாக இருந்திருக்கும்?

எங்கள் ஊரை வைத்து எழுதுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நிலாவெளிக் கடற்கரையில் காதலர் இருவர் உட்கார்ந்து, சூரியன் கடலுக்குள் இறங்குவதைப் பார்ப்பதாக ஒரு நாவலில் வருகிறது. நிலாவெளி கிழக்குக் கரை. அங்கே சூரியன் கடலில் இருந்து எழும்பும், மாலையில் முதுகுக்குப் பின்னால் பனைமரங்களுக்குள் மறையும். தண்ணீருக்கு மேலே அந்தி பார்க்க வேண்டுமென்றால் அவர்களை உட்துறைமுக வீதிக்குக் கூட்டி வரட்டும். இன்னொரு நாவலில் மார்கழி மாதத்தில் புறாமலைக்குப் படகில் உல்லாசமாகப் போகிறார்கள். அந்த மாதத்தில் வாடைக்காற்று எப்படி அடிக்கும் என்று கரையில் வலை பொத்துகிற யாரிடமாவது கேட்டிருக்கலாம்.

நாவல் இந்த ஊருக்குப் புதிதும் அல்ல. இன்னாசித்தம்பியின் ஊசோன் பாலந்தை கதை 1891இல் வந்தது. சரவணமுத்துப்பிள்ளையின் மோகனாங்கி 1895இல் வந்தது, அது நாயக்கர் காலத்துக் காதல் கதை. இரண்டு பேரும் திருகோணமலைக்காரர்கள். காதலும் மர்மமும் சேர்ந்த கல் ஒன்றுகூட இங்கே நிற்கிறது. கோணேசர் கோயிலுக்குப் போகிற மலையில், பிரான்சினா வான் ரீட் என்ற ஒல்லாந்தப் பெண்ணின் பெயரும் 1687 என்ற ஆண்டும் பொறித்த தூண் அது. காதலன் கப்பலேறிப் போனதால் அவள் பாறையில் இருந்து குதித்தாள் என்பது ஊர்க்கதை. இல்லை, அதற்குப் பிறகும் வாழ்ந்து இன்னொருவரை மணந்தாள் என்று பழைய ஆவணங்களை வைத்துச் சொல்கிறவர்களும் உண்டு. அப்படியானால் அந்தத் தூணை யார் நட்டது, ஏன் நட்டது? கோட்டை வாசலில் மான்கள் படுத்திருக்கிற நிழலில் உட்கார்ந்தே ஒருவர் இந்த நாவலை எழுதிவிடலாம்.

ஆகவே ஐயா, மாதத்தில் ஒரு ஞாயிறு, அரைப் பக்கம் போதும். புதிதாக வந்த மர்ம நாவல் ஒன்றையும் காதல் நாவல் ஒன்றையும், போனில் வருகிற தொடரையும் சேர்த்து, நேர்மையாக விமர்சிக்கச் சொல்லுங்கள். சும்மா பாராட்டி எழுத வேண்டாம். போயா நாள் பிழையைப் பிழை என்று எழுதட்டும், சீட்டுக் கொப்பியை எழும்பி நின்று பாராட்டட்டும். ஆள் கிடைக்காவிட்டால் முதல் மாதத்துக்கு நானே எழுதி அனுப்புகிறேன். சீட்டுக் கொப்பி நாவல் இப்போது மூன்றாம் வீட்டு அக்காவிடம் நிற்கிறது. வெள்ளிக்கிழமை திருப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறா.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உப தபாலதிபர்,
உப்புவெளி, திருகோணமலை.