கல்கத்தாவுக்கு வராதவளுக்கு

அன்புள்ள மல்லிகா,

இங்கே எல்லோரும் நலம். அங்கேயும் நலம் என்று கார்த்தி போடும் ஸ்டேட்டஸைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன். முழங்கால் எப்படி இருக்கிறது? அந்த எண்ணெய் காலுக்குப் போகிறதா, தலையணை உறைக்குப் போகிறதா? சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ இரண்டாவது நிமிஷமே "அதெல்லாம் சரிடி, எவ்வளவு ஆச்சு?" என்பாய். நான் ஒரு தொகை சொல்வேன். நீ "அம்மாடி!" என்பாய். பேச்சு அதோடு முடிந்துவிடும். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

நானும் விஜயா டீச்சரும் கல்கத்தா போய்விட்டு வந்துவிட்டோம். "பெரிய ஊர், இறங்கின நிமிஷத்திலிருந்து பர்ஸைத் திறந்தே வைத்திருக்கணும்" என்று சொல்லி, டிக்கெட் போடுகிற அன்றைக்கு நழுவினாயே, அதே கல்கத்தாதான். முதலில் உன் கட்சிக்குச் சாதகமான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டேஷனில் இறங்கியதும் ஒரு டாக்சிக்காரர் எங்களிடம் நன்றாகக் கறந்துவிட்டார். கோரமண்டல் எக்ஸ்பிரஸ் இப்போது ஹவுரா வரை போவதில்லை, ஷாலிமாரோடு நின்றுவிடுகிறது. மூட்டை முடிச்சோடு நிற்கிற இரண்டு கிழவிகளைப் பார்த்தால் யாருக்குத்தான் ஆசை வராது? நீ வரும்போது ஹவுரா மெயிலில் வா. ஹவுராவில் இறங்கி வெளியே வந்தால் எதிரே ஆறு, படகுத்துறை. பத்து ரூபாயை நீட்டினால் டிக்கெட்டும் தந்து சில்லறையும் தருவார்கள். அந்த டாக்சியோடு உன் கட்சிக்கான சாட்சியம் முடிந்தது. மற்றதெல்லாம் என் பக்கம்.

முழங்கால் ஒத்துழைத்தால் படகைக்கூட விட்டுவிடு, ஹவுரா பாலத்தின் மேலே நடந்தே வா. 1943இல் திறந்த பாலம். நட்டு, போல்ட்டு எதுவும் கிடையாது, முழுக்க ரிவெட் அடித்தே நிறுத்தியிருக்கிறார்கள். தலையில் கூடையும் மூட்டையுமாக ஓட்டமும் நடையுமாக வருகிற ஆட்களுக்கு வழிவிட்டுக்கொண்டே போக வேண்டும், நின்று ரசிக்கிறவர்களை இடித்துத் தள்ளிவிடுவார்கள். அவ்வளவு பெரிய இரும்புக்கு என்ன வியாதி தெரியுமா? வெற்றிலை எச்சில். ஜனங்கள் துப்பித் துப்பித் தூண்களின் அடி அரித்துப்போக ஆரம்பித்து, கடைசியில் ஃபைபர் கிளாஸ் உறை போட்டு மூடினார்கள். நம் ஹாஸ்டல் வாட்ச்மேன் ஞாபகம் வந்து நாங்கள் சிரித்த சிரிப்பில் ஒரு போலீஸ்காரர் திரும்பிப் பார்த்தார்.

பாலம் முடிகிற இடத்தில் கீழே இறங்கினால் மல்லிக் காட் பூச்சந்தை. பெயரே உன் பெயர் மாதிரி இருக்கிறது, ஆனால் மல்லிகைக்கு அங்கே பெரிய மரியாதை இல்லை. எல்லாம் செண்டுமல்லி. மஞ்சளும் ஆரஞ்சுமாகக் கயிறு கயிறாகக் கட்டித் தோளில் சுமந்துகொண்டு போகிறார்கள், ஆளின் முகம் தெரிவதில்லை. ஒரு மூலையில் ஒருவர் செம்பருத்தி மொட்டுகளை எண்ணிக் கோத்துக்கொண்டிருந்தார். மாலைக்கு நூற்றெட்டு, காளிக்கு. பூ விரிந்துவிட்டால் ஆகாதாம். நுனி மட்டும் சிவந்த மொட்டாகப் பார்த்து எடுத்து, காம்பைக் கிள்ளி, ஊசியில் ஏற்றி, அவ்வப்போது ஈரத்துணியை மேலே இழுத்துவிட்டார். நாங்கள் பக்கத்தில் குந்தி வெகுநேரம் பார்த்தோம். வாங்குகிறாயா என்று அவரும் கேட்கவில்லை. நிலக்கோட்டைக்காரி நீ இருந்திருந்தால் விலை கேட்டு, முழம் சரியில்லை என்று சண்டையும் போட்டிருப்பாய். செலவு? அங்கே மண் குவளையில் குடித்த டீ மட்டும்தான்.

இனி ட்ராம். கல்கத்தாவைப் பற்றி யாரிடம் பேச ஆரம்பித்தாலும் நான் ட்ராமில்தான் போய் நிற்கிறேன் என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்கிறார். செய்துவிட்டுப் போகட்டும்.

உங்கம்மா மெட்ராஸ் ட்ராமைப் பற்றிச் சொல்வாரே, ஞாபகம் இருக்கிறதா? சின்ன வயதில் மாமா வீட்டுக்குப் போனபோது ஏறியதாக. நம் மெட்ராஸில்தான் இந்தியாவிலேயே முதலில் மின்சார ட்ராம் ஓடியது, 1895இல். 1953இல் நிறுத்திவிட்டார்கள். கல்கத்தாவில் 1873இல் குதிரை இழுத்த வண்டியாக ஆரம்பித்து, 1902இலிருந்து மின்சாரத்தில், இன்னும் ஓடுகிறது. இன்னும் என்று சொல்லவே பயமாக இருக்கிறது. ஊர் முழுக்க ஓடியதில் ஒன்றிரண்டு தடங்கள்தான் மிச்சம். மைதானத்துக்கும் எஸ்பிளனேடுக்கும் நடுவே பாரம்பரியச் சின்னமாக ஒரு துண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்தப்போவதாக 2024இல் அரசு அறிவித்துவிட்டது. உயர்நீதிமன்றத்தில் வழக்கு நடக்கிறது.

நாங்கள் ஷியாம்பஜாரில் ஏறினோம். கண்டக்டர் விரல்களுக்கு நடுவே டிக்கெட் கட்டுகளைச் செருகிவைத்துக்கொண்டு, கட்டைவிரலால் அதைச் சரக் சரக் என்று வருடிக்கொண்டே வருகிறார். அந்தச் சத்தம் கேட்டால் காசை எடுக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரிகிறது. ஓட்டுநர் காலால் மணியை மிதிக்கிறார். முன்னால் போகிற ஸ்கூட்டர்காரன் சட்டை செய்வதே இல்லை. வேகம் என்று ஒன்று கிடையாது. அதனால் தெருவில் நடக்கிற எல்லாம் தெரிகிறது: சலூனில் ஒருவர் பாதி முகத்தில் நுரையோடு பேப்பர் படிக்கிறார், மாடி வராந்தாவில் ஒரு பாட்டி கூடையைக் கயிற்றில் கட்டிக் கீழே இறக்குகிறாள், கடைக்காரர் அதில் காய்கறியை வைத்து மேலே பார்த்துக் கணக்குச் சொல்கிறார். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து இதையெல்லாம் பார்க்க ஆளுக்குப் பத்து ரூபாய்கூட ஆகவில்லை. ஏசி பஸ்ஸில் ஊரைச் சுற்றிக் காட்டுவதாகக் கெஸ்ட் ஹவுஸில் ஒரு நோட்டீஸ் கொடுத்தார்கள். விஜயா டீச்சர் அதை மடித்துக் காதைக் குடைந்துவிட்டுப் போட்டுவிட்டார்.

அதே ட்ராமில் காலேஜ் ஸ்ட்ரீட்டில் இறங்கலாம். பழைய புத்தகக் கடைகள், அப்புறம் காபி ஹவுஸ். 1942இலிருந்து இருக்கிறது, தொழிலாளர்களே கூட்டுறவுச் சங்கமாக நடத்துகிறார்கள். காபி சுமார்தான், உன் வாய்க்கு ஒத்துவராது. ஆனால் ஒரு காபியை வைத்துக்கொண்டு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருக்கலாம், எழுந்து போ என்று யாரும் முறைப்பதில்லை. பக்கத்து மேஜையில் நான்கு பெரியவர்கள் மேஜையைத் தட்டித் தட்டிச் சண்டை போட்டார்கள். அரசியல் என்று நினைத்தேன், கேட்டால் ஃபுட்பால்.

சாப்பாட்டைச் சொல்ல மறந்தால் நீ மன்னிக்க மாட்டாய். பைஸ் ஹோட்டல் என்று சில பழைய கடைகள் இருக்கின்றன. காலணாவில் வயிறு நிறைந்த காலத்துப் பெயர். சோறு, பருப்பு, பொரியல் என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் காசு. பரிமாறுகிறவர் அன்றைய சமையலை மூச்சுவிடாமல் ஒப்பிப்பார், வேண்டியதை மட்டும் சொல்ல வேண்டும். வாழைப்பூப் பொரியலும், கசகசா அரைத்த உருளைக்கிழங்கும், பருப்பும் வாங்கினோம். பக்கத்து இலையில் கடுகு அரைத்த குழம்பில் இவ்வளவு பெரிய மீன். விஜயா டீச்சர் சுவரைப் பார்த்தபடியே சாப்பிட்டு முடித்தார். எழுந்து வந்தால், பரிமாறியவர் காகிதமில்லாமலே வாயால் கணக்குப் போட்டார்: சோறு இவ்வளவு, பருப்பு இவ்வளவு, எலுமிச்சைத் துண்டு இவ்வளவு, வாழையிலை இவ்வளவு. "இலைக்குமா காசு?" என்று டீச்சர் தமிழிலேயே கேட்டுவிட்டார். அவரும் தலையை ஆட்டி ஆமாம் என்றார். மெஸ்ஸில் "நான் ரசம் தொடவே இல்லை, அதற்கு ஏன் காசு?" என்று வார்டனோடு மல்லுக்கட்டியவள் நீ. உனக்கென்றே நடத்துகிற கடை அது.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆற்றுக்கு அடியில் போகிற மெட்ரோ, ஹவுராவிலிருந்து எஸ்பிளனேடு பத்து ரூபாய். ஆறு வரும்போது சுரங்கத்தில் நீல விளக்கு எரிகிறது, குழந்தைகள் கத்துகிறார்கள், முக்கால் நிமிஷத்தில் கரை வந்துவிடுகிறது. மார்பிள் பேலஸ் இலவசம், ஆனால் சுற்றுலாத் துறையிடம் முன்கூட்டியே அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். பார்க் ஸ்ட்ரீட் பழைய கல்லறைத் தோட்டத்துக்குச் சின்னக் கட்டணம்தான். கர்னல் மெக்கன்ஸி அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார், 1821இல். ஊர் ஊராக ஆள் அனுப்பி நம் கோயில் கதைகளையும் பாளையக்காரர் வம்சாவளிகளையும் எழுதி வாங்கினாரே, அவர்தான். பிளஸ் டூவுக்கு இத்தனை வருஷம் அவர் பெயரைச் சொல்லிக்கொடுத்தவளுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வர ஆசை. கோபுரம் கோபுரமாக நிற்கிற கல்லறைகளுக்கு நடுவே தேடித் தேடி, டீச்சருக்குக் கால் வலி வந்து பாதியில் நிறுத்தினோம். மீதியை நீ வந்து தேடு.

சாமி சிலை செய்கிறவர்கள் இருக்கிற குமார்துலிக்கு நாங்கள் போனபோது துர்கையும் காளியும் முடிந்து, வைக்கோல் உடம்புகள்தான் நின்றன. தலையில்லாமல். ஜனவரியில் போனால் சந்து முழுக்க சரஸ்வதி.

மல்லி, இப்போது கொஞ்சம் கோபப்படாமல் படி. நீ காசில்லை என்று சொல்வதை நான் நம்பவில்லை. உன் பென்ஷன் எனக்குத் தெரியும், கார்த்தியின் ஃபிளாட் தவணையும் தெரியும். கொடு, வேண்டாமென்று சொல்லவில்லை, பிள்ளைக்குத்தானே. ஆனால் மாசம் பிறந்ததும் உன் பெயருக்கு ஐந்நூறு ரூபாய்கூட எடுத்து வைக்காமல், "நமக்கென்ன இனிமேல்" என்கிறாயே, அதைக் கேட்டால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. அண்ணன் இருந்தவரை உன்னை வருஷத்துக்கு ஒரு தடவையாவது எங்காவது இழுத்துக்கொண்டு போனார். அவர் போன பிறகு பேங்க், மருந்துக் கடை, கோயில், அவ்வளவுதான் உன் ஊர். கையில் காசில்லாமல் ஊர் சுற்றுகிற வித்தையை எனக்குக் கற்றுக்கொடுத்தவளே நீதானடி. மாசக் கடைசியில் மெஸ் பில் கட்டிய பிறகு மிஞ்சிய சில்லறையில் பொரி வாங்கிக்கொண்டு, மலைக்கோட்டையிலிருந்து காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் வரை நடத்திக் கூட்டிப்போனது யார்? பஸ்ஸில் போகலாம் என்று அழுத என்னைப் பார்த்து "பஸ்ஸில் போனால் ஆறு தெரியாது" என்றாய். அந்த மல்லிகா எங்கே போனாள் என்று ட்ராமில் உட்கார்ந்து டீச்சரிடம் கேட்டேன். டீச்சர் பதில் சொல்லவில்லை, கர்ச்சீப்பை எடுத்தார். அவருக்கு எதற்கெடுத்தாலும் கண் கலங்கும், உனக்குத்தான் தெரியுமே.

சரி, காரியத்தைப் பார்ப்போம். ஜனவரி கடைசியில் சால்ட் லேக் பக்கம் புத்தகக் கண்காட்சி, நுழைவு இலவசம். ஈச்சவெல்லத்துக்கும் அதுதான் சீசன், இனிப்புக் கடைகளில் சந்தேஷ் பழுப்பு நிறத்தில் வந்துவிடுமாம். லேக் மார்க்கெட் பக்கத்தில் நாங்கள் தங்கிய கெஸ்ட் ஹவுஸில் மூன்று பேர் அறை இருக்கிறது, பங்கு போட்டால் ஆளுக்கு ஐந்நூறுக்குள் வரும். காலையில் இட்லி வேண்டுமென்றாலும் தெரு முனையிலேயே கிடைக்கும், நம்மவர்கள் பல தலைமுறையாகக் குடியிருக்கிற இடம்.

ரயில் டிக்கெட் அறுபது நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது, அதாவது இந்த வாரம். டீச்சர் தயார். லோயர் பெர்த் உனக்குத்தான். கார்த்தியிடம் நானே பேசிக்கொள்கிறேன், நீ பேசினால் அவனுக்காகப் பாவப்பட்டு நின்றுவிடுவாய். டிக்கெட்டுக்கு எழுதி அனுப்பும்போது வயதை மட்டும் ஒழுங்காக எழுது. ராமேஸ்வரம் போனபோது நீ எழுதிக்கொடுத்த வயதையும் உன்னையும் அந்த டிக்கெட் பரிசோதகர் மாறி மாறிப் பார்த்தது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

உன்,
சாந்தா