அகலத்துக்கு முன் உயரத்தைப் பாருங்கள்

ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு டயரும் வீலும் மாற்றித் தரும் கடைக்காரர்களுக்கும் ஃபிட்டர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

உங்களிடம் வரும் ஸ்போர்ட்ஸ் கார்க்காரர் பெரும்பாலும் மனத்தில் ஒரு தோற்றத்தை வைத்துக்கொண்டுதான் வருகிறார். பின்சக்கரம் அகன்று ஃபெண்டரை நிறைக்க வேண்டும், ரிம் ஓர் இஞ்சாவது பெரிதாக வேண்டும். "இதில் எவ்வளவு பெரிய டயர் போடலாம்?" என்று கேட்கிறார். நீங்கள் ஓர் அளவைச் சொல்லி, "இது உட்கார்ந்துவிடும்" என்கிறீர்கள். பேச்சு அதோடு முடிகிறது. இந்த இடத்தில் இன்னும் பத்து நிமிடம் நின்று பேசுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். அந்த வண்டி நிற்பதும் திரும்புவதும் நீங்கள் சொல்லும் அந்த எண்களைப் பொறுத்தது.

முதலில் பார்க்க வேண்டியது டயரின் மொத்த உயரம். 225/45 ஆர் 17 என்றால் அகலம் 225 மி.மீ., பக்கச் சுவர் அந்த 225-இல் 45 சதவீதம், அதாவது 101 மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். மேலும் கீழுமாக இரண்டு பக்கச் சுவர், நடுவில் 17 இஞ்ச் ரிம். கூட்டினால் 634 மி.மீ. இந்த வண்டிக்கு 18 இஞ்ச் ரிம் போட விரும்புபவருக்கு 225/40 ஆர் 18 கொடுத்தால் உயரம் 637. அரை சதவீதம்கூட மாறவில்லை. ஆனால் "ஒரு இஞ்ச்தானே கூடுகிறது" என்று 225/45 ஆர் 18 கொடுத்தால் 660 ஆகிவிடும்; 4 சதவீதம் உயர்வு. கியர்கள் எல்லாம் நீண்டுபோன மாதிரி வண்டி இழுக்கச் சோம்பும். ஸ்பீடோமீட்டர் முன்பு சரியாகக் காட்டியிருந்தால், இனி 100 காட்டும்போது உண்மையில் 104-இல் போய்க்கொண்டிருப்பார். ஐ.நா.வின் 39-ஆம் எண் வாகன விதி, ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது என்கிறது. உற்பத்தியாளர் கவனமாகச் சற்றுக் கூட்டிக் காட்டும்படி வைத்ததை டயர் தின்றுவிடுகிறது.

முன்னும் பின்னும் வேறு வேறு அளவு உள்ள வண்டிகளில் இன்னும் கவனம் வேண்டும். போர்ஷே 911 கரேரா எஸ்-இன் 992 தலைமுறையில் முன்னால் 245/35 இசட்ஆர் 20, பின்னால் 305/30 இசட்ஆர் 21 (இசட்ஆர் என்பது அதிவேக டயருக்கான குறி). இன்ஜின் பின்னால் இருப்பதால் எடையில் பெரும்பங்கு பின்சக்கரங்கள் மேல். அந்த எடைக்கும் இழுவைக்கும் ஏற்ற அகலம் அது. எல்லை மீறினால் முன்பக்கம் முதலில் வழுக்கட்டும், பின்பக்கம் சுழன்றுவிடக் கூடாது என்ற கணக்கும் அதற்குள் இருக்கிறது. முன்னால் மட்டும் அகலத்தைக் கூட்டினால் அந்தச் சமநிலை கலைகிறது. ஈரச் சாலை வளைவில் அதை முதலில் உணர்பவர் ஓட்டுநர், அப்போது திருத்த நேரம் இருக்காது.

நிசான் ஜிடி-ஆர் ஆர்35-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி. முன்னால் 255/40, பின்னால் 285/35, இரண்டும் 20 இஞ்ச். கணக்குப் போட்டால் 712, 707.5. பின்பக்கம் 4.5 மி.மீ. குறைவு. பின்னால் மட்டும் 295/35 போட்டால் 714.5 ஆகிறது; முன்னைவிடப் பின் பெரிது, உறவே தலைகீழ். அகலத்தில் கூட்டியது பத்தே மில்லிமீட்டர்தான், ஆனால் சுவர் உயரம் அகலத்தின் சதவீதம் என்பதால் அதுவும் கூடவே ஏறிவிட்டது. நான்கு சக்கர இழுவை வண்டிகளில் இந்த வேறுபாட்டை நடுவிலுள்ள கிளட்சோ டிஃபரன்ஷியலோ ஓடும் நேரமெல்லாம் தாங்க வேண்டும். ஏபிஎஸ்ஸும் நிலைக்கட்டுப்பாட்டு அமைப்பும் சக்கரங்களின் வேகத்தை ஒப்பிட்டே முடிவெடுக்கின்றன. அவற்றுக்கும் தப்பான செய்தி போகிறது. தேய்மானமும் இதில் சேரும். பட்டையில் 8 மி.மீ. பள்ள ஆழமுள்ள புது டயரையும் 3 மி.மீ.க்குத் தேய்ந்ததையும் ஒரே வண்டியில் மாட்டினால் உயரத்தில் 10 மி.மீ. வித்தியாசம், சுவரில் ஒரே அளவு எழுதியிருந்தாலும்.

நான் போட்ட கணக்கெல்லாம் காகிதக் கணக்கு. ஒரே அளவு பொறித்த இரண்டு கம்பெனி டயர்கள் சில மில்லிமீட்டர் வேறுபடும். உற்பத்தியாளரின் அளவுத் தாளைப் பார்த்துச் சொல்லுங்கள்.

அகலம் கூடினால் பிடிமானம் கூடும் என்று வாடிக்கையாளர் உறுதியாக நம்புகிறார். தரையைத் தொடும் பரப்பைப் பெரும்பாலும் தீர்மானிப்பது சுமையும் காற்றழுத்தமும்தான். அகல டயரில் அந்தப் பரப்பு குறுக்கே நீண்டு, நெடுக்கே குறுகும். காய்ந்த சாலை வளைவில் அது உதவும். தேங்கிய நீரில் சீக்கிரம் மிதக்க வைக்கும். 2012-இல் வந்த டொயோட்டா 86-இன் உயர் வகைகளுக்கே 215/45 ஆர் 17-தான் கொடுத்தார்கள். ஓட்டுநர் தன் எல்லையை நியாயமான வேகத்திலேயே உணரட்டும் என்று வேண்டுமென்றே எடுத்த முடிவு அது. அந்த வண்டிக்கு 245 கேட்டு வருபவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். கேட்டுவிட்டும் 245 வேண்டும் என்றால் அது அவர் உரிமை, ஆனால் ரிம் அகலத்தைப் பார்க்காமல் கொடுக்காதீர்கள். 245/40 ஆர் 18-க்கு ஏற்ற ரிம் 8 முதல் 9.5 இஞ்ச் வரை. ஏழு இஞ்ச் ரிம்மில் அதைத் திணித்தால் சுவர் புடைத்து, திருப்பும்போது தள்ளாடும். ரிம்மையே மாற்றினால் ஆஃப்செட் கேள்வி வரும்; ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அது வண்டியில் பொருந்தும் முகத்துக்கும் உள்ள தூரம் அது. அதே ஆஃப்செட்டில் 8-ஐ விட்டு 9 இஞ்ச் ரிம்முக்குப் போனால் உள்பக்கம் சஸ்பென்ஷனை நோக்கி 12.7 மி.மீ. நகரும், வெளிப்பக்கமும் அவ்வளவே.

பலர் தாண்டிப் போகும் எண் சுமைக் குறியீடு. பழைய 225/45 ஆர் 17-இல் 91 என்றிருந்தால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும். புதிதாகப் போடும் 225/40 ஆர் 18 சாதாரண வகை என்றால் 88, அதாவது 560 கிலோ. உயரம் பொருந்தியும் வலு குறைந்துவிட்டது. கூடுதல் சுமை வகையில் 92, அது 630 கிலோ. ஆனால் அந்த 630-ம் 2.9 பார் (காற்றழுத்த அலகு) காற்றில்தான். பழைய டயரின் 615 கிடைத்தது 2.5 பாரில். புது டயர் மாட்டிவிட்டுப் பழைய அழுத்தத்தையே நிரப்பி அனுப்பினால் வாடிக்கையாளர் காசு கொடுத்து வாங்கிய வலு அவருக்குக் கிடைக்காது. வேகக் குறியீடும் அப்படியே: மணிக்கு வி 240, டபிள்யூ 270, ஒய் 300 கிலோமீட்டர் வரை. உற்பத்தியாளர் சொன்னதற்குக் கீழே இறங்காதீர்கள், "இவ்வளவு வேகத்தில் யார் போகிறார்கள்" என்று அவரே சொன்னாலும்.

நான் கேட்பது இவ்வளவுதான். ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை வாடிக்கையாளரோடு சேர்ந்து படியுங்கள். பழைய உயரம், புது உயரம், சுமைக் குறியீடு, காற்றழுத்தம் நான்கையும் பில்லிலேயே எழுதிக் கொடுங்கள். மாட்டியபின் ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். ஜாக்கியில் தொங்கும்போது பார்த்தது போதாது, வண்டி தன் எடையில் இறங்கி நிற்கும்போதும் பாருங்கள். நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வரச் சொல்லி நட்டுகளை மறுபடி முறுக்குங்கள். அப்போது ஃபெண்டரின் உள்பக்க லைனரில் உரசிய தடம் தெரிந்தால், லைனரை வெட்டியோ ஃபெண்டர் விளிம்பை மடக்கியோ சமாளிக்காமல் டயர் அளவை மாற்றிக் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் கடைக்கு வரும் ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுநர்களில் ஒருவன்