சதுரங்கப்பட்டினம் மீனவர் குப்பத்துக்கு ஒருநாள் பயணம்: பெற்றோருக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைப் பிப்ரவரி முதல் சனிக்கிழமை சதுரங்கப்பட்டினம் மீனவர் குப்பத்துக்கு அழைத்துப் போகிறோம். கல்பாக்கத்தை ஒட்டிய ஊர். வேலூரிலிருந்து காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக ஏறத்தாழ 140 கிலோமீட்டர். பக்கத்தில் மாமல்லபுரம் இருக்க, குப்பத்துக்கு எதற்கு என்று கூட்டத்தில் சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான்.

நம் பிள்ளைகளுக்குப் பாலாறு என்றால் மணல். 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு வெள்ளம் ஓடியதைப் பார்த்த பிள்ளைகளுக்கும் அது எங்கே போய்ச் சேர்ந்தது என்று தெரியவில்லை. சதுரங்கப்பட்டினத்துக்குச் சற்றுத் தெற்கே, வாயலூர் பக்கம்தான் பாலாறு கடலில் கலக்கிறது. திரும்பும்போது கிழக்குக் கடற்கரைச் சாலைப் பாலத்தருகே நிறுத்தி அதைக் காட்டுவோம். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் கழிவு ஆற்றில் கலப்பதைப் பற்றிப் பிள்ளைகள் கேள்விப்பட்டிருக்கிறார்கள். அதே ஆற்றின் கடைசியில் வலை போட்டுப் பிழைக்கிறவர்களை அவர்கள் நேரில் பார்த்துப் பேச வேண்டும் என்பது என் ஆசை.

பஸ் விடியற்காலை 3.30 மணிக்கே புறப்படும். இருட்டில் கடலுக்குப் போன படகுகள் காலை ஏழு, எட்டு மணிக்கெல்லாம் கரை திரும்பிவிடும். பிள்ளைகள் முக்கியமாகப் பார்க்க வேண்டியது அந்த நேரத்தைத்தான். வலையிலிருந்து மீனை ஒவ்வொன்றாக விடுவிப்பார்கள். சங்கரா, கவளை, நெத்திலி, நண்டு என்று பிரிப்பார்கள். மணலிலேயே ஏலம் நடக்கும். பத்து மணிக்குப் போய் நின்றால் வெறும் கரைதான் இருக்கும்.

அப்புறம் வலை சரிசெய்கிறவர்களோடு உட்காரப் போகிறோம். கால் கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, கிழிந்த கண்களை, அதாவது வலையின் துளைகளை, வலை ஊசியால் ஒன்று விடாமல் முடிச்சுப் போட்டுச் சரிசெய்வார்கள். நெத்திலி வலையின் கண் மிகச் சிறியது. வஞ்சிர வலையின் கண்ணில் பிள்ளைகளின் கையே நுழையும். எந்த மீனுக்கு எந்தக் கண் என்பதைக் கணக்கு ஆசிரியர் அங்கேயே அளக்கச் சொல்லப்போகிறார்.

கட்டுமரங்கள் இப்போது குறைவு. கட்டைகளைக் கயிற்றால் பிணைத்தது என்பதால் மேலே ஏறும் தண்ணீர் இடுக்கு வழியே வடிந்துவிடும். அலை முறியும் இந்தக் கரைக்கு ஏற்ற கலம் அது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு பெரும்பாலும் ஃபைபர் படகுகள்தான். எஞ்சின் வந்ததால் பாரம்பரியம் போய்விட்டது என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. வாடையா, கொண்டலா, கச்சானா என்று காற்றைப் பார்த்து, நீரோட்டம் பார்த்து வலை போடும் அறிவு இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது. அதைக் கேட்டு எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். டச்சுக் கோட்டையும் அங்கே உண்டு. நேரமிருந்தால் அரை மணி நேரம்.

வீட்டில் நீங்களும் ஒருமுறை சொல்லி அனுப்புங்கள். மீன் வாடைக்கு யாரும் மூக்கைப் பொத்தக் கூடாது. சுனாமியைப் பற்றி அவர்களாகப் பேசினால் கேட்கலாம். வீட்டில் யாரை இழந்தீர்கள் என்று துருவக் கூடாது. பிள்ளைகள் ஃபோன் கொண்டுவர வேண்டாம். ஆசிரியர்கள் அனுமதி கேட்டுவிட்டுப் படம் எடுப்பார்கள்.

கடல் என்றதும் உங்களுக்கு வரும் பயம் எனக்கும் உண்டு. யாரும் தண்ணீரில் கால் நனைக்க மாட்டார்கள், படகில் ஏற்றவும் மாட்டோம். பத்துப் பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் வருகிறார். பெண் பிள்ளைகளை அனுப்பத் தயங்குகிறவர்கள் தயவுசெய்து மறுபடி யோசியுங்கள். ஆசிரியைகள் நான்கு பேர் கூடவே இருப்பார்கள். மீனை ஏலத்தில் எடுத்து, விலை பேசி, ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்பது அங்கே பெரும்பாலும் பெண்கள்தான். அந்தக் கணக்கும் துணிச்சலும் நம் பெண்பிள்ளைகள் கண்ணில் பட வேண்டும்.

மதியம் குப்பத்துப் பெண்கள் சமைத்துத் தரும் சோறும் மீன் குழம்பும். அதற்கு உரிய பணம் கொடுத்துவிடுவோம். மீன் சாப்பிடாத பிள்ளைகளுக்கு எலுமிச்சைச் சோறு எடுத்துப்போகிறோம். காலைக்கு மட்டும் ஏதாவது கட்டிக் கொடுங்கள். தொப்பி, தண்ணீர் பாட்டில், மாற்றுத் துணி அவசியம். இரவு எட்டு மணிக்குள் பள்ளிக்குத் திரும்பிவிடுவோம். அழைத்துப்போக ஒருவர் வர வேண்டும்.

பயணக் கட்டணம் 350 ரூபாய். முடியாதவர்கள் வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், காரணம் கேட்க மாட்டோம். பணத்துக்காக எந்தப் பிள்ளையும் நின்றுவிடக் கூடாது. சம்மதக் கடிதத்தைக் கையெழுத்திட்டு வரும் புதன்கிழமைக்குள் அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்