பாரைத் தூக்கக் குடுக்க முதல் உடம்பில ஷெல் பீஸ் இருக்கோ எண்டு கேளுங்கோ

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

நான் பரந்தனில இருந்து எழுதுறன், ஆறு வருசமா ஜிம்மில ட்ரெயினரா நிக்கிறன். ஏ9 றோட்டு நீட்டுக்கு இப்ப புதுசு புதுசா ஜிம் திறக்கினம், சந்தோசம்தான், ஆனா வாற ஆளிட்ட காசை வாங்கி பேரை எழுதின கையோட பாரை, அதான் பாரம் பூட்டித் தூக்கிற இரும்புத்தடியை, தூக்கக் குடுக்கிறதைப் பாக்க எனக்கு நெஞ்சு பதறுது. நானும் அப்பிடித்தான் தொடங்கினனான், முதல் நாளே பாரைத் தோளில வச்சு குந்தி எழும்புற ஸ்குவாட் அடிக்க விட்டினம், ஒரு கிழமை நாரி நிமித்த ஏலாமக் கிடந்தன்.

உடற்பயிற்சி தொடங்க முதல் நிரப்புற பார்-கியூ (PAR-Q) எண்டொரு படிவம் இருக்கு, 1970களில கனடாவில தொடங்கினது, ஏழே ஏழு கேள்விதான். இதய வருத்தம் எண்டு டொக்டர் சொன்னவரோ, வேலை செய்யேக்க நெஞ்சு நோகுதோ, சும்மா இருக்கேக்கயும் நொந்ததோ, தலை சுத்தி விழுந்தனீங்களோ, எலும்பு மூட்டில ஏதும் இருக்கோ, பிறஷருக்கு குளிசை போடுறீங்களோ, வேற காரணம் ஏதுமிருக்கோ. ஒண்டுக்கு ஓம் எண்டாலும் முதல் டொக்டரிட்ட.

ஆனா எங்கட சனத்துக்கு இந்த ஏழும் காணாது ஐயா. போன வருசம் ஒரு அண்ணை வந்தவர், நாப்பத்தைஞ்சு வயசிருக்கும், எல்லாத்துக்கும் "ஒண்டுமில்லை தம்பி" எண்டிட்டார். அஞ்சு நிமிசம் கதிரையில இருத்திப்போட்டு பிறஷர் பாக்க பட்டியைச் சுத்தினா மேல்கையில தோலுக்குக் கீழ உழுந்து மாதிரி ஏதோ ஒண்டு என்ர விரலுக்குள்ள நழுவுது. என்னண்ணை இது எண்டன். "அது 2009இல பட்ட ஷெல் பீஸ், அதெல்லாம் வருத்தமே?" எண்டார். பிறகு சேட்டைக் கழட்டினார், முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில இன்னொரு தழும்பு, அந்தப் பீஸும் உள்ளதான் கிடக்காம், குனிஞ்சு நிமிந்தா இடது கால் விறைக்குமாம். அண்டைக்கு அவற்ற தோளில பாரை வச்சிருந்தா?

வருத்தமிருக்கோ எண்டு கேட்டா எங்கட ஆக்கள் சொல்லமாட்டினம், பீஸ் எங்கயெங்க கிடக்கு, எந்த இடம் விறைக்குது எண்டு கேட்டாத்தான் சொல்லுவினம், அதையும் நாலு பெடியள் பாத்துக்கொண்டு நிக்கேக்க கேக்காதேங்கோ, பொம்பிளையள் எண்டா தனிய ஒரு பொம்பிளைதான் கேக்கவேணும்.

கிளினிக் கொப்பியையும் கொண்டு வரச் சொல்லுங்கோ. பிறஷருக்கு அட்டெனோலோல் எண்ட குளிசை போடுறவருக்கு என்னதான் ஓடினாலும் நாடி பெரிசா ஏறாது, நாடி எவ்வளவுக்கு ஏறலாமெண்டு 220இல வயசைக் கழிச்சுப் பாக்கிற கணக்கு அவருக்குச் சரிவராது, கதைச்சுக்கொண்டு செய்ய ஏலுதோ எண்டுதான் பாக்கவேணும். இன்சுலின் அடிக்கிறவருக்கு இடையில சீனி இறங்கலாம். வவுனியாப் பக்கம் சிறுநீரக வருத்தக்காரர் கனபேர், அதைக் கேளாம புரோட்டீன் பவுடர் விக்கிறது பெரிய பிழை. பிறஷர் 140க்கு 90ஐத் தாண்டினா ஆறவிட்டு திரும்பப் பாருங்கோ, அப்பவும் இறங்காட்டி அண்டைக்கு பாரமில்லை, டொக்டரிட்ட கடிதத்தோட அனுப்புங்கோ. எல்லாத்துக்கும் அரை மணித்தியாலம் போதும்.

அந்த அண்ணை எக்ஸ்ரேயும் டொக்டரின்ர கடிதமும் கொண்டு திரும்பி வந்தவர், முதுகில பாரம் வைக்கவேண்டாம் எண்டிருந்தது. கதிரையில இருந்து கையூண்டாம எழும்பிறதில தொடங்கினம், 30 செக்கனில முதல் நாள் 9 தரம், இப்ப 16.

இதை உங்கட பேப்பரில போட்டியளெண்டா வெட்டி எங்கட ஜிம் சுவரில ஒட்டுவன், மற்ற ஜிம்காரரும் தங்கட படிவத்தில அந்த ஒரு கேள்வியைச் சேக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு ஜிம் ட்ரெயினர், பரந்தன்