உன் தோட்டத்துப் பழத்துக்கு ஒரு பலகாரம்

டாம்பா, ஃப்ளோரிடா

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் கிடைத்தது. அண்ணனுக்கு முட்டுவலி தேவலை என்று படித்த பிறகுதான் நிம்மதி. அத்தை இன்னும் கம்பை ஊன்றிக்கொண்டு தோட்டத்தைச் சுற்றி வருகிறார்களாமே! அந்த வயதில் நமக்கெல்லாம் அந்தத் தெம்பு இருக்கப்போவதில்லை, எழுதி வைத்துக்கொள்.

எலுமிச்சை விலையைப் பற்றி நீ எழுதியதுதான் மனசை உறுத்துகிறது. கோடையில் வீடு தேடி வந்து முன்பணம் கொடுத்த வியாபாரி, மழை விழுந்ததும் மூட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்கிறதில்லை, பறிப்புக் கூலிக்கே கட்டவில்லை, இன்னும் எத்தனை பரணி ஊறுகாய்தான் போடுவது என்று கேட்டிருக்கிறாய். விலைக்கு என்னிடம் மருந்து இல்லை. பழத்துக்கு ஒரு பலகாரம் இருக்கிறது.

நான் இருக்கிற இந்த மாநிலத்துக்குச் சட்டப்படியே ஒரு பலகாரம் உண்டு. கீ லைம் பை (கையில் தூக்கும் பை இல்லை, ஆங்கிலத்து pie). 2006இல் சட்டசபையில் வைத்து அதை மாநிலத்தின் பை என்று அறிவித்தார்கள். பிஸ்கெட் தூளை வெண்ணெயில் பிசைந்து தட்டில் அப்பி, அதன்மேல் மில்க்மெய்டும் (சர்க்கரை போட்டுச் சுண்டவைத்த டின் பால்) முட்டை மஞ்சள் கருவும் எலுமிச்சைச் சாறும் கலந்து ஊற்றிச் சுட்டு, குளிரவைத்துத் துண்டு போடுகிறார்கள். முதலில் இனிப்பு, உடனே புளிப்பு வந்து தாடையை இழுக்கும். நம் ஊர் இனிப்புகள் எதிலும் அந்தப் புளிப்பை நான் கண்டதில்லை.

இதைப் போய் உனக்கு எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்தக் கீ லைம் வேறொன்றும் இல்லை, உன் மரத்தடியில் உதிர்ந்து கிடக்கிற அதே எலுமிச்சைதான். தாவரவியலில் இரண்டுக்கும் சிட்ரஸ் ஆரன்டிஃபோலியா என்று ஒரே பெயர். ஆசியாவில் பிறந்த மரத்தை அரபுக்காரர்கள் மேற்கே கொண்டுபோக, ஸ்பானியர்கள் கரீபியன் தீவுகளுக்குக் கப்பலேற்ற, கடைசியில் ஃப்ளோரிடாவின் தென்கோடியில் வரிசையாகக் கிடக்கும் கீஸ் தீவுகளில் வந்து வேர்விட்டிருக்கிறது. அதே மெல்லிய தோல், அதே விதை, கையைக் கிழிக்கிற அதே முள்.

வேடிக்கை என்னவென்றால், இவர்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் பழம் இவர்களிடமே இல்லை. 1926 புயலில் தென் ஃப்ளோரிடாவின் எலுமிச்சைத் தோட்டங்கள் நாசமாகிவிட்டன. மறுபடி நட்டவர்கள் பெரிதாக, விதையில்லாமல் காய்க்கும் டஹிட்டி எலுமிச்சையை நட்டார்கள். பறிக்க லேசு, லாரியில் போனாலும் அடிபடாது. இன்றைக்கு இங்கே கடையில் வலைப்பையில் கீ லைம் என்று தொங்குவது பெரும்பாலும் மெக்ஸிகோவிலிருந்து வருவது. 1965இல் பெர்னி பாப்பி என்ற சட்டசபை உறுப்பினர், கீ லைம் போடாமல் செய்ததைக் கீ லைம் பை என்று விளம்பரம் செய்தால் 100 டாலர் அபராதம் என்று ஒரு மசோதாவே கொண்டுவந்தார். தேறவில்லை. தேறியிருந்தால் பாதிக் கடை அபராதம் கட்டியிருக்கும். நீ செய்தால் உனக்கு அந்தப் பயமே இல்லை!

போன விடுமுறைக்கு மகன் எங்களை அந்தக் கீஸ் தீவுகளின் கடைக்கோடியில் இருக்கிற கீ வெஸ்ட் ஊருக்குக் கூட்டிப்போனான். மியாமியை விட கியூபா பக்கம். கடலுக்கு மேலேயே காரில் போகிறோம். பக்கத்திலேயே பழைய ரயில் பாலம் அங்கங்கே அறுபட்டு நிற்கிறது. அங்கே போய்ப் பார்த்த பிறகுதான் இந்தப் பலகாரம் ஏன் இப்படி அமைந்தது என்று எனக்குப் பிடிபட்டது. எல்லாம் பவளப்பாறைத் தரை, மாடு மேய்க்கப் புல் ஏது? 1912இல் ரயில் வரும்வரை அரிசி பருப்பு முதல் எல்லாம் கப்பலில்தான். அந்த ரயிலையும் 1935 புயல் கொண்டுபோனது. 1938இல்தான் சாலை வந்தது. அதனால் 1856இல் கெயில் போர்டன் காப்புரிமை வாங்கிய அந்த டின்னில் அடைத்த பாலே அவர்களுக்குப் பால். முற்றத்தில் எலுமிச்சை, வீட்டில் கோழி, அலமாரியில் டின். இல்லாமையில் பிறந்த பலகாரம் இது.

முதலில் செய்தது யார் என்று இன்னும் சண்டை ஓயவில்லை. ஒரு பணக்கார வீட்டில் சமைத்த சாலி அத்தை என்கிறது ஒரு கதை. கடற்பஞ்சு எடுக்கப் போன மீனவர்கள் படகிலேயே கலக்கியது என்கிறது இன்னொன்று. அதெல்லாம் இல்லை, போர்டன் கம்பெனி தன் டின்னை விற்பதற்காக 1930களில் அச்சடித்த எலுமிச்சைப் பை குறிப்பிலிருந்து வந்தது என்று சொல்லி, கீ வெஸ்ட்காரர்களின் கோபத்தைக் கட்டிக்கொண்டவர்களும் உண்டு. எனக்கு மீனவர் கதைதான் பிடித்திருக்கிறது. பிடித்திருப்பதற்கு மேல் அதற்கு ஆதாரம் கேட்காதே.

பாலில் எலுமிச்சை பிழிந்தால் திரிந்துபோகாதா என்று இந்நேரம் நினைத்திருப்பாய். பனீருக்குக் கொதிக்கிற பாலில் பிழிகிறோம், கட்டி தனியாக, தண்ணீர் தனியாகப் பிரிகிறது. மில்க்மெய்டில் பாதிக்கு மேல் தண்ணீரை முன்பே வற்றடித்துவிட்டார்கள். மீதியைச் சர்க்கரை பிடித்து வைத்திருக்கிறது. சாறு பட்டதும் பாலின் புரதம் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும், ஆனால் பிரிந்து ஓடத் தண்ணீர் இல்லை. அதனால் மொத்தமும் வழவழவென்று இறுகிவிடும். கலக்கும்போதே கரண்டிக்குத் தெரியும். அந்தக் காலத்தில் கீஸ்காரர்கள் அடுப்பிலேயே வைத்ததில்லை. இப்போது பச்சை முட்டைக்குப் பயந்து சுடுகிறார்கள். பயப்படுவது நல்லதுதான்.

செய்முறை சொல்கிறேன், வள்ளி கேக்குக்கு வாங்கிய ஓவன் சும்மாதானே கிடக்கிறது. 150 கிராம் மாரி பிஸ்கெட்டை மிக்ஸியில் பொடித்து, 70 கிராம் வெண்ணெயை உருக்கி ஊற்றி, இரண்டு ஸ்பூன் சர்க்கரையும் சேர்த்துப் பிசறு. தட்டில் கொட்டி, டம்ளர் அடியால் ஓரம்வரை அழுத்து. 175 டிகிரியில் பத்து நிமிடம். (இங்கே இதற்குக் கிரஹாம் பிஸ்கெட். நாக்குக்கு ருசி காட்டினால் மனசு கெடும் என்று பிரசங்கம் செய்த 19ஆம் நூற்றாண்டுப் பாதிரியார் ஒருவர் பேர் அது. அவர் பேரில் இன்று சர்க்கரையும் வெண்ணெயும்!) நான்கு மஞ்சள் கருவை நன்றாக அடித்து, 400 கிராம் மில்க்மெய்டை ஊற்றிக் கலக்கி, கடைசியில் 120 மில்லி சாறு. உன் பழம் பருத்தது, ஏழெட்டில் வந்துவிடும். தோலைப் பச்சையும் மஞ்சளுமாக மேலாகத் துருவி ஒரு ஸ்பூன் போடு; வெள்ளைப் பகுதி வந்தால் கசக்கும். அலுமினியப் பாத்திரம் ஆகாது. ஊற்றி, பதினைந்து நிமிடம் சுட்டால் ஓரம் இறுகி நடு மட்டும் லேசாக ஆடும்; அதுதான் பதம். ஆறியதும் ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். வெட்ட அவசரப்பட்டால் ஒழுகும்.

அத்தைக்கு முட்டை ஆகாதே. கருவை விட்டுவிட்டு, துணியில் கட்டித் தொங்கவிட்ட கெட்டித் தயிர் அரைக் கப் சேர்த்து, சுடாமல் ஃப்ரிட்ஜில் வை. கொஞ்சம் இளக்கமாக இருக்கும், ருசிக்குக் குறைவில்லை. பச்சைக் கலர் மட்டும் ஊற்றிவிடாதே. நிஜமான கீ லைம் பை வெளிர் மஞ்சள்தான். பச்சையாக இருந்தால் புட்டிச் சாயம். மேலே அடித்த கிரீமா, வெள்ளைக் கருவை நுரைக்க அடித்துச் சுட்டதா என்று இங்கே இரண்டு கட்சி. நான் கிரீம் கட்சி. வெள்ளைக் கருக்காரர்கள் இனிப்பின் மேல் இனிப்பைக் கொட்டிப் புளிப்பை அமுக்கிவிடுகிறார்கள்.

இன்னொரு விஷயம், அண்ணனிடம் அவசியம் சொல். இங்கே ஆரஞ்சுத் தோட்டங்கள் அழிந்துகொண்டிருக்கின்றன. சிட்ரஸ் கிரீனிங் என்று ஒரு நோய், 2005இல் இங்கே கண்டுபிடித்தார்கள். துளியூண்டு பூச்சி ஒன்று மரத்துக்கு மரம் பரப்புகிறது. இலை திட்டுத்திட்டாக மஞ்சளிக்கும், காய் கோணலாகி, பழுக்காமலே உதிரும். 2003-04இல் 24 கோடிப் பெட்டி ஆரஞ்சு விளைந்த மாநிலத்தில் 2023-24இல் 2 கோடிப் பெட்டிகூட இல்லை. அந்த நோய் இந்தியாவிலும் இருக்கிறது, மருந்து கிடையாது. புதுக் கன்று வாங்கினால் நல்ல நாற்றங்காலாகப் பார்த்து வாங்கச் சொல். சந்தேகப்படும்படி மரம் இருந்தால் தோட்டக்கலை அலுவலகத்தில் இலையைக் காட்டட்டும்.

ஏளா, இவ்வளவு எழுதியிருக்கிறாயே, வள்ளியைப் பார்த்துப் போனவர்கள் என்ன சொன்னார்கள் என்று ஒரு வரி இல்லை! தையில் முடிவாகும் என்றால் இப்போதே சொல்லு. இங்கிருந்து டிக்கெட் விலை மாதத்துக்கு மாதம் ஏறுகிறது.

அன்புடன்,
கோமதி